லிங்க்கோடு ஒரு வரியும் சேர்த்து

கேள்வி: நல்ல கட்டுரை, வீடியோ எது கண்ணில் பட்டாலும் நண்பர்கள் குழுவில் போடுகிறேன். யாரும் திறப்பதே இல்லை. ஏன்?

பதில்: வெறும் லிங்க் என்றால் அப்படித்தான் கிடக்கும். ஒன்றரை மணி நேர உரையில் உங்களைக் கவர்ந்தது நான்கே நிமிடம் என்றால், அந்த இடத்திலேயே திறக்கும்படி கொடுங்கள். கணினியில் யூடியூப் வீடியோவை அங்கே நிறுத்தி ரைட் கிளிக் செய்தால், அந்த நொடிக்கான முகவரியை நகலெடுக்கும் வசதி வரும். ஐந்து நொடி முன்னதாகவே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பேச்சு பாதி வாக்கியத்தில் தொடங்கும்.

கட்டுரை என்றால், குரோமில் பிடித்த வரியைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் ஹைலைட்டுக்கான லிங்க்கை எடுங்கள். திறப்பவருக்கு அந்த வரி நிறமிட்டுத் தெரியும். பின்னால் அந்த வரியைத் திருத்திவிட்டால் நிறம் வராது, பக்கம் மட்டும் திறக்கும்.

கூடவே, "12 நிமிட வாசிப்பு, மூன்றாவது பத்தி உனக்காக" என்று ஒரு வரி. பத்துப் பேர் குழுவை விட, அந்த ஒருவருக்குத் தனியாக அனுப்புவதே மேல்.

கேள்வி: லிங்க்கின் நீள வாலை வெட்டலாமா?

பதில்: கேள்விக்குறிக்குப் பின் 'யூடிஎம்' என்று தொடங்குபவை, எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிக்க மட்டுமே; தாராளமாக வெட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். யூடியூபின் நீண்ட முகவரியில் வீடியோவின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெட்டியதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.