மாதவிடாய் நின்ற பிறகு கீழே அரிப்பு, எரிச்சல்: எந்த வாஷ் நல்லது?

மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது, தினம் இரண்டு வேளை பிறப்புறுப்புக்கான வாஷ் போட்டும் அரிப்பு போகவில்லை, வேறு எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வாங்காதீர்கள். போடுவதையும் நிறுத்துங்கள்.

இது அழுக்கால் வருவதில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் யோனியின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகிறது. அங்கே அமிலத்தன்மையைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவும் குறைகிறது. முன்பு 4 வாக்கில் இருந்த பிஹெச் (அமில அளவு; எண் கூடினால் அமிலம் குறைவு) 5-க்கு மேல் ஏறிவிடும். எரிச்சல், உறவில் வலி, அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் எல்லாம் இதனால்தான். பாட்டிலில் "பிஹெச் 3.5" என்று போட்டிருப்பது வெளித்தோலைத் தாண்டி எதையும் சரிசெய்யாது.

கழுவ வெறும் தண்ணீர் போதும், வெளியே மட்டும். ஹெல்த் ஃபாசெட்டைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பீய்ச்சினால் மலக்கிருமி சிறுநீர்த் துவாரத்துக்கு வந்துவிடும், முன்னாலிருந்து பிடியுங்கள். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். டெட்டால், மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். மெலிந்த தோல் தாங்காது, அவ்வளவுதான்.

வறட்சிக்கு ஹையலுரானிக் அமில ஜெல், வாரம் 2-3 இரவு. உறவின்போது தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட். ஆணுறை உண்டென்றால் தேங்காய் எண்ணெய் ஆகாது, லேடெக்ஸ் கிழியும்.

இதில் அடங்காவிட்டால் டாக்டர் எஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீம் எழுதுவார். வழக்கமாக இரவில் 0.5 கிராம், அப்ளிகேட்டரால் உள்ளே. முதல் 2-3 வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு நாள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: சரியானதும் நிறுத்திவிடுகிறார்கள், சில மாதத்தில் பழையபடி வறண்டுவிடுகிறது. "ஹார்மோனா, கேன்சர் வருமே" என்று சண்டைக்கு வருவார்கள். இந்த அளவில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அரிப்பு என்றதும் மருந்துக் கடையில் பூஞ்சை க்ரீம் நீட்டுவார்கள். இந்த வயதில் பூஞ்சை அத்தனை சாதாரணமில்லை. சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிட்டால் கதை வேறு. அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் பூஞ்சை வரும். மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடி வைத்துப் பாருங்கள்: தோல் வெளுத்து, சுருங்கிய காகிதம் போலிருந்தால் அது லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு களிம்பும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே ஸ்கேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு "இனி தொல்லையே இல்லம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பையும் சேர்ந்து போனதா என்று பல பெண்களுக்குத் தெரியவே தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "பி.எஸ்.ஓ." என்று இருந்தால் இரண்டு சினைப்பையும் எடுத்தாயிற்று என்று பொருள். 45 வயதுக்கு முன் அப்படி நடந்திருந்தால் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.