டக்கர், வாக்கர் போன்ற ஆங்கிலக் குடும்பப் பெயரின் மூலத்தையும் பொருளையும் கண்டறிவது எப்படி?

அகராதியில் பொருளைத் தேடி ஆரம்பிக்காதீர்கள். அந்தக் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்பதை முதலில் பிடியுங்கள். ஊர் தெரியாமல் சொல்லும் பொருள் வெறும் ஊகம்தான்.

நீங்கள் கேட்ட டக்கரையே பார்ப்போம். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு, நெசவு தளர்ந்து கிடக்கும். தண்ணீரில் ஒருவகைக் களிமண்ணோடு ஊறவைத்து மிதித்து எடுத்தால்தான் அழுக்கு போய், சுருங்கி, தடிப்பாகும். இந்த வேலை செய்தவருக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கில் வாக்கர் என்று பெயர். வாக்கர் என்பது ஊர் ஊராக நடந்தவரைக் குறித்ததல்ல, துணியை மிதித்தவரைக் குறித்தது. டெவன் கவுண்டியின் எக்ஸெட்டர் நகரில் நெசவாளரும் துணி மிதிப்பவரும் சேர்ந்த சங்கம் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் இருக்கிறது. உங்கள் குடும்பம் டெவன், சாமர்செட் பக்கம் என்றால் இந்தப் பொருளை ஏற்கலாம். அயர்லாந்து என்றால் கதையே வேறு: அங்கே ஒரு பழைய ஐரிஷ் குலப்பெயரையும் ஆங்கிலத்தில் டக்கர் என்று எழுதினார்கள். அதற்கும் துணிக்கும் சம்பந்தமில்லை.

ஊரைப் பிடிக்க, உறுதியாகத் தெரிந்த கடைசி ஆளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில், பிறந்த குழந்தையுடைய தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். ஒரே வட்டாரத்தில் நாலு ஜான் டக்கர் வந்து நின்றால், யார் உங்கள் ஆள் என்று பிரிக்க அதுதான் கை கொடுக்கும்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841ஐ நம்பி முடிவுக்கு வராதீர்கள். அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரும் இராது. 1851இல்தான் பிறந்த திருச்சபைப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின், பெயர் வருகிறது. உங்கள் மூதாதையர் 1851இல் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு வரி உங்களை நேரே சரியான பங்குக்குக் கொண்டுபோகும்.

அங்கிருந்து திருச்சபைப் பதிவேடுகள். 1538இலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுத உத்தரவு உண்டு. எல்லாப் பங்கிலும் ஏடு மிஞ்சவில்லை. 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் இடைவெளிகள் சகஜம். பலர் சறுக்கும் இடம் தேதி. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே ஏட்டில் 1719 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1720. இதைக் கவனிக்காவிட்டால், 1719 ஜூனில் கல்யாணமானவர்களின் பிள்ளை அதற்கு முன்பே பிறந்ததாகத் தோன்றும். சரியான தம்பதியைத் தவறென்று தள்ளிவிடுவீர்கள்.

எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார்; டூக்கர், டோக்கர் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம், இரண்டிலும் எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள். முன்னோர் சென்னை மாகாணத்தில் இருந்திருந்தால், 1698 முதலான தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் N/2 என்ற வரிசையில் இருக்கின்றன.

குடும்பப் பெயர் போட்டு விற்கும் கேடய வடிவ மரபுச் சின்னத்துக்கு (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) மட்டும் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. டக்கர் என்று பெயர் வைத்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்னம் கிடையாது.