மச்சானுக்கு முதலில் ‘இல்லை’ சொல்லுங்கள், சலுகையை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: எனக்கு வயது 58. சிங்கப்பூர் ராணுவத்தில் 30 ஆண்டு வேலை பார்த்து வாரண்ட் ஆஃபீசராக ஓய்வு பெற்றேன். இப்போது பாதுகாவல் அதிகாரி வேலை, மாதம் 2,900 வெள்ளி. பட்டுக்கோட்டையில் மச்சான் வீடு கட்டுகிறார், அடிக்கடி கேட்பார். கிரெடிட் கார்டில் கேஷ் அட்வான்ஸ் (ரொக்கக் கடன்) எடுத்து அனுப்பியதில் கடன் 18,000 ஆகிவிட்டது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு ஏகப்பட்ட உதவி என்கிறார்கள். நமக்கு ஏதாவது உண்டா? ஓர் ஏஜெண்ட், சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணத்தை எடுத்து முதலீட்டுக் காப்புறுதியில் போடச் சொல்கிறார்.

பதில்: ஐயா, அமெரிக்காவில் அதற்கென்றே தனித்துறை இருக்கிறது, மாநிலங்களும் தம் பங்குக்குக் கொடுக்கின்றன. டெக்சஸில் 100 விழுக்காடு உடற்குறை என மதிப்பிடப்பட்ட முன்னாள் வீரர் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்துவரியே இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஓய்வுக்கால ஆதரவு பெரும்பாலும் சிபிஎஃப் வழியாகத்தான் வருகிறது. அரசாங்கத்தின் மாஜுலா தொகுப்புத்திட்டத்தில், 1973 அல்லது அதற்கு முன் பிறந்து இன்னும் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 400 முதல் 1,000 வெள்ளி வரை போனஸ் உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அது பொருந்தும், ஆனால் சிபிஎஃப்பில்தான் சேரும். அதை வைத்து இந்தக் கடனை அடைக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய கார்டு கணக்கைப் பார்த்தேன். ஒரு வரியில் 2,000 வெள்ளி, அடுத்த வரியிலேயே கட்டணம் 160. வட்டி எடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 28 விழுக்காடு என்றால் 18,000க்கு மாதம் 420 வெள்ளி. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 540. அதாவது அசலில் குறைவது 120தான். மச்சான் இன்னொரு 2,000 கேட்டால், அந்தக் கட்டணம் 160 ஒன்றே, நீங்கள் ஒரு மாதத்தில் குறைத்த அந்த 120ஐ விழுங்கிவிடும். இந்தப் பழக்கம் நிற்காவிட்டால் வேறு எது செய்தும் பயனில்லை.

அப்புறம், சிபிஎஃப்பில் உங்கள் சாதாரணக் கணக்கில் 41,000 வெள்ளி கிடக்கிறது. 2022ல் 55 வயதானபோது ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கவேண்டிய 192,000 வெள்ளி முழுத் தொகையை ஒதுக்கிவிட்டீர்கள், ஆகவே இதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். “ராணுவத்தில் சம்பாதித்தது, தொடமாட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் 18,000 வெள்ளிக்கு அங்கே ஆண்டு வட்டி 450, அதே தொகைக்குக் கார்டில் நீங்கள் கொடுப்பது 5,000. எடுத்து அடைத்துவிடுங்கள். மிச்சம் 23,000 அங்கேயே இருக்கட்டும்.

ஏஜெண்ட் விஷயம். 2025 சனவரியில் 55ஐத் தாண்டியவர்களின் சிபிஎஃப் சிறப்புக் கணக்கு மூடப்பட்டதிலிருந்து இப்படிப்பட்ட அழைப்புகள் நிறைய வருகின்றன. முதலீட்டுக் காப்புறுதியில் ஆரம்ப ஆண்டுகளில் கட்டணம் அதிகம், பாதியில் விட்டால் நட்டம். கடன் இருக்கும் 58 வயதுக்காரருக்கு அது வேண்டவே வேண்டாம்.

வரிசை மாறக்கூடாது. முதலில் மச்சானிடம் பேசுங்கள், உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அவருடைய தம்பிதானே, அவர் வாயால் சொன்னால் மனத்தாங்கல் குறையும். “இனி கார்டில் எடுக்கமாட்டோம், பொங்கலுக்கு எங்களால் முடிந்ததை அனுப்புகிறோம்” என்றால் போதும். அன்றைக்கே வங்கியை அழைத்துக் கார்டு வரம்பை 3,000க்குக் குறைக்கச் சொல்லுங்கள். கடன் அடையும் வரை புதிதாக எடுக்க வழியே இருக்காது. அதை முடித்த பிறகே சிபிஎஃப் பணத்துக்கு விண்ணப்பியுங்கள்.