டிரில் மெஷினில் குழி தோண்டலாமா?

கேள்வி: 60 வயதைத் தாண்டிவிட்டேன். தோட்டத்தில் அரை மணி நேரம் கொத்தினால் இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. டிரில் மெஷினில் மாட்டி மண்ணைத் தோண்டும் சுருள் பிட் ஒன்றை மகன் வாங்கி வந்திருக்கிறான். சுவரில் ஓட்டை போடுகிற மெஷின் இதற்குத் தாங்குமா?

பதில்: தாங்கும். ஆனால் அது போடுவது துளைதான், மரக்கன்று வைக்கிற பெரிய குழி இல்லை. 2, 3 அங்குல அகலத்தில் நாற்று நடவும், கிழங்கு ஊன்றவும், குச்சி நடவும் அருமையான சாமான். முதலில் பிட்டின் நீளத்தைப் பாருங்கள். 8, 10 அங்குலப் பிட் என்றால் குனிவதோ உட்காருவதோ தப்பாது, இடுப்புக்காக வாங்கியதே வீண். 2 அடி நீளப் பிட்டாக இருந்தால் ஓரளவு நின்றபடியே வேலை நடக்கும்.

பேட்டரி மெஷின் 18 வோல்ட் இருந்தால் நல்லது, 12 வோல்ட் தொட்டி மண்ணுக்குச் சரி. மேலே 1, 2 என்று கியர் இருக்குமே, அதை 1-இல் வையுங்கள். மெதுவாகச் சுற்றும், ஆனால் முறுக்கு விசை அதில்தான் அதிகம். 2-இல் வைத்து அழுத்தினால் மோட்டார் திணறிச் சூடாகும். சுவரைத் தட்டித் தட்டித் துளைக்கும் ஹேமர் முறை வேண்டவே வேண்டாம்.

மெஷினைவிட உங்கள் மணிக்கட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிட் ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டி நின்றுவிட்டால், சுற்ற வேண்டிய விசை முழுக்க மெஷினைத் திருப்பி உங்கள் கையை முறுக்கும். நான் ஒருமுறை ஒற்றைக் கையால் அலட்சியமாகப் பிடித்திருந்தேன், மண்ணுக்குள் கிடந்த கட்டைவிரல் தடிமன் வேர் ஒன்று ஒரே நொடியில் காட்டிய வேலையில் ஒரு வாரம் தண்ணீர்ச் செம்பைக்கூட இடது கையால்தான் தூக்கினேன். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கட்டாயம் மாட்டுங்கள். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்தான் சக்; அதற்குப் பின்னால் எண் போட்ட வளையம் இருந்தால், பலரும் சொல்வதுபோல அதிலுள்ள டிரில் பிட் படத்துக்கு நேராக வைக்காமல், நடுவிலோ சற்று மேலோ உள்ள எண்ணில் ஆரம்பியுங்கள். பிட் எதிலாவது மாட்டினால் உள்ளே 'டகடக' என்று நழுவிவிடும், உங்கள் கை பிழைக்கும். லூசான கையுறை, தொங்கும் துண்டு, புடவைத் தலைப்பு எதுவும் சுருள் பக்கம் போகக்கூடாது.

அப்புறம் மண். முந்தின நாளே தண்ணீர் விட்டுவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும், அதுதான் பதம். சேறாக இருந்தால் சுருளில் அப்பிக்கொள்ளும். ஒரேயடியாக இறக்காமல் இரண்டு மூன்று அங்குலம் போனதும் சுற்றவிட்டபடியே மேலே இழுத்து மண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ புதைத்திருக்கும் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: களிமண் தோட்டம். பிட்டால் துளை போட்டு நட்ட நாற்றெல்லாம் சோர்ந்தே நிற்கிறது. ஏன்?

பதில்: துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பானையின் உட்புறம் போல வழவழவென்று இருக்கும். ஈரக் களிமண்ணைச் சுருள் இழைத்துவிடுகிறது, வேர் அந்தச் சுவரில் முட்டி உள்ளேயே வட்டம் போடுகிறது, தண்ணீரும் வடியாமல் தேங்குகிறது. பழைய முள்கரண்டியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுவரைக் கீறிவிட்டு நடுங்கள். எடுத்த மண்ணையே மக்கிய உரம் கலந்து போட்டால் போதும்.

கேள்வி: பிட் மண்ணுக்குள் இறுகிக்கொண்டது. அசைக்கவே முடியவில்லை.

பதில்: பிடித்து இழுக்காதீர்கள், சக் போய்விடும். ரிவர்ஸில் போட்டு மெதுவாக விட்டால் திருகு கழல்வதுபோல மேலே வந்துவிடும். சுருளில் சிக்கிய வேரை எடுக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒயர் வைத்த மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், அதோடு ஈர மண்ணில் அந்த மெஷினை மின்கசிவு பிரேக்கர் இல்லாத இணைப்பில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி: பாத்தி முழுக்க இதாலேயே கிளறலாமா?

பதில்: மண்வெட்டியை எடுங்கள். பிட்டால் பாத்தி கிளறுவது கரண்டியால் கிணறு இறைக்கிற கதை. ஆனால் உரத்தொட்டியில் மக்குகிற குப்பையைக் கிளறிக் காற்றோட்டம் தர இதே பிட் பிரமாதமாக உதவும், நான் இப்போது அதற்குத்தான் அதிகம் எடுக்கிறேன்.