கயிறு பறிமுதல்: கையெழுத்துப் போடுமுன்...

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு குன்றில் சில ஆண்டுகளாகப் பாறையேறுகிறோம். கட்டணம் வாங்கிக்கொண்டு புதியவர்களுக்கும் கற்றுத் தருகிறேன். மேலே ஒரு குகை உண்டு, அங்கும் போவோம். அடிவாரத்தில் குடித்துவிட்டு பாட்டில் உடைப்பவர்களை யாரும் கேட்பதில்லை. அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்கிற எங்கள் கயிறுகளை வனத்துறை பறிமுதல் செய்துவிட்டது. எழுதிக் கொடுத்து அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்களாம். மலை எல்லோருக்கும் பொதுதானே? வழக்காடலாமா?

பதில்: பாட்டில் உடைத்தவனைப் பிடிக்கவில்லை என்பது உங்கள் வழக்கில் எதிர்வாதம் ஆகாது. அதை விட்டுவிடுங்கள். அந்தக் குன்றின் புல எண் காப்புக்காடாக, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடாக, அறிவிக்கப்பட்டிருக்கிறதா? கேள்வி இது ஒன்றுதான். ஆம் என்றால், தமிழ்நாடு வனச் சட்டம் 1882, பிரிவு 21-ன்படி அத்துமீறி நுழைவதே குற்றம். எத்தனை வருடமாகப் போய்வருகிறீர்கள் என்பது உதவாது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த நிலத்தில் நடக்கவும் பாறையேறவும் உரிமை தருகிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் கிடையாது. நிலம் எந்த வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டையும் வன அறிவிக்கையையும் பாருங்கள். வெறும் புறம்போக்கு என்றால் பிரிவு 21 நிற்காது. அப்போது மட்டும் வழக்காடுங்கள்.

காப்புக்காடுதான் என்றால் நீங்கள் அபராதம் என்று சொல்லும் இணக்கத் தொகையைக் கட்டி, வழக்கில்லாமல் இணக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். என் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். ‘பாறையில் துளை போட்டு ஆணி அடித்தோம், குகைக்குள் படுத்தோம்’ என்றெல்லாம் வனத்துறையினரே எழுதி வைத்திருப்பார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று இவர்களும் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மதுரை வட்டாரக் குன்றுக் குகைகள் பலவற்றில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. உங்கள் குகை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால், அதைச் சேதப்படுத்தியதற்கு தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 30-ல் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வனத்துறையிடம் கட்டிய பணம் இந்த வழக்கை மூடாது. போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது; ஆனால் வனத்துறை அலுவலர் போலீஸ் அல்ல. அதனால் அவரிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கக்கூடும். நுழைந்ததை மட்டும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். துளை போட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டாம். வக்கீலைப் பார்க்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்காமல் இருங்கள், அது உங்கள் உரிமை.

கட்டணம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். உங்களுக்குப் புரியாத பெரிய ஆபத்து இதுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தார்கள், ஏற்பாடு செய்தவர்கள் மீது வழக்கு பாய்ந்தது. உங்கள் கயிற்றில் ஒரு பிள்ளை விழுந்து இறந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106, அதாவது அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று வாங்கி வைத்திருக்கும் தாள் உங்களைக் காப்பாற்றாது. அனுமதியில்லாத இடத்துக்குக் கூட்டிப்போனதே அஜாக்கிரதைக்கு முதல் சாட்சியாக வரும்.

கயிறுகளை விடுவிக்கும் கோரிக்கையையும் இணக்க மனுவிலேயே எழுதி, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.