பாட்டி ஏன் அழுகிறாள்?

கேள்வி: 1991-இல் ஒரு சிற்றூரில் நடக்கும் கதையை 12 நிமிடக் குறும்படமாக எடுக்கப்போகிறேன். வீட்டுக்குத் தந்தி வருவதுதான் திருப்பம். ‘ஒளியும் ஒலியும்’ என்ற தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சி பற்றி ஒரு நகைச்சுவை வசனமும், எஸ்டிடி பூத்தில், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குத் தொலைபேசும் கடையில், ஒரு காட்சியும் உண்டு. படித்துப் பார்த்த நண்பர்கள், “இதெல்லாம் இப்போது யாருக்குத் தெரியும், கதையை இந்தக் காலத்துக்கு மாற்றிவிடு” என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? தொடக்கத்தில் இதையெல்லாம் எழுத்தில் சொல்லும் ஒரு விளக்க அட்டையைத் திரையில் போட்டால் போதாதா?

பதில்: மாற்ற வேண்டாம். விளக்க அட்டையும் வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. நீங்கள் அனுப்பிய திரைக்கதையில் ஒரு காட்சி அப்படியே நிற்கும், ஒன்றைச் சரிசெய்ய வேண்டும், ஒரு வசனத்தைத் தூக்கி எறிய வேண்டும்.

தந்தியிலிருந்து தொடங்குகிறேன், படம் அதன்மேல்தான் நிற்கிறது. தந்திக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்துகிறார். “தந்தி” என்ற சொல் காதில் விழுந்ததும் திண்ணையில் இருக்கும் பாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்குகிறாள். அக்கம்பக்கம் கூடிவிடுகிறது. ஆங்கிலம் தெரிந்த வாத்தியாரைத் தேடிப்பிடித்து அழைத்து வருகிறார்கள். அவர் படித்துவிட்டு, பேரனுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்கிறார். நல்ல காட்சி. ஐம்பதைத் தாண்டியவர்கள் பாட்டி வாயைத் திறக்கும்போதே சிரித்துவிடுவார்கள். தந்தி என்றால் சாவு என்பது அவர்கள் உடம்பில் ஊறிய பாடம்.

இருபது வயதுக்காரருக்கு அந்தப் பாடம் கிடையாது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வீடு தேடித் தந்தி வருவது அதற்கும் வெகு முன்பே அரிதாகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை தந்தி என்பது ஒரு செய்தித்தாள், ஒரு தொலைக்காட்சி. ‘டெலிகிராம்’ என்று மாற்றினால் இன்னும் மோசம், அது கைப்பேசியில் இருக்கும் செயலி. ஆகவே உங்கள் பாட்டி அவர் கண்ணுக்குக் காரணமில்லாமல் அழும் கிழவியாகத் தெரிவாள். அதற்கும் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் நீங்கள் கேட்ட சிரிப்பு அதுவல்ல.

இதைச் சரிசெய்ய எட்டு நொடி போதும். படத்தின் இரண்டாம் நிமிடத்தில் உங்கள் நாயகன் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் போகிறான் அல்லவா, அதே காட்சியில் பின்னால் அந்தச் சைக்கிள் வரட்டும். நான்கு வீடு தள்ளி நிற்கட்டும். மணிச் சத்தம். சிறிது அமைதி. பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் ஓலம். நாயகன் திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிறான். யாரும் எதுவும் பேச வேண்டாம். ஏழாம் நிமிடத்தில் அதே மணிச் சத்தம் உங்கள் நாயகனின் வாசலில் கேட்கும்போது, தந்தியைக் கண்ணால் பார்த்திராதவருக்கும் வயிற்றைப் பிசையும். பாட்டியின் அழுகைக்குக் காரணம் அவருக்குத் தெரியும், வாத்தியார் சொல்லும் செய்தி அவரையும் ஏமாற்றும். மணிச் சத்தத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அதே மணியாக இருக்க வேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்திலும், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக்காட்டினால் பார்ப்பவர்கள் முதலதில் பசியையும் அடுத்ததில் துக்கத்தையும் படித்துக்கொள்கிறார்கள் என்று ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சொல்லி ஒரு நூற்றாண்டு ஆகிறது. பார்வையாளருக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பொருள் வந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது தெரிந்தால் போதும், அதை அடுத்தடுத்த காட்சிகளே சொல்லிக்கொடுக்கும்.

நான் படத்தொகுப்பு செய்த ஒரு குறும்படத்தில் ஓரத்தில் கறுப்பு மை தடவிய தபால் கார்டு ஒன்று வரும். துக்கச் செய்தி என்பதற்கான அடையாளம் அது. நாங்கள் அதை மிக அருகில் காட்டி, மூன்று நொடி நிறுத்தி, இசையும் போட்டிருந்தோம். போட்டுக் காட்டியபோது ஒரு கல்லூரி மாணவர், “பேனா ஒழுகிவிட்டதா சார்?” என்று கேட்டார். இயக்குநருக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு, பிறகு வெட்கம். படப்பிடிப்பில் எடுத்துவைத்திருந்த வேறொரு படத்துண்டு பெட்டியில் கிடந்தது: கார்டைப் படித்த பெரியவர் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றியபடி கிணற்றடிக்குப் போகிறார். கார்டை ஒரு நொடியாகக் குறைத்து இதைச் சேர்த்தோம். அதன்பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இப்போது ‘ஒளியும் ஒலியும்’. “மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறார்களாம்” என்று ஒருவர் சொல்ல, “அப்படியானால் பெண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்?” என்று இன்னொருவர் கேட்கிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டுகள் வரும், தெருவே தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்பது தெரிந்தவருக்கு மட்டுமே இது சிரிப்பு. மற்றவருக்கு வெறும் வாக்கியம். நகைச்சுவை ஒரு நொடியில் பற்ற வேண்டும். யோசித்துப் புரிந்துகொள்ளும்போது அது அணைந்திருக்கும். வசனத்தை எடுத்துவிடுங்கள்.

விஷயத்தை எடுக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரட்டும். பெண் காப்பித் தட்டோடு வரட்டும். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தரகர், ஏன் பெண்ணின் தம்பி வரை எல்லோருடைய கண்ணும் தொலைக்காட்சிப் பெட்டியில். தட்டிலிருந்து தம்ளரை எடுக்கும் கை கூடத் தடவித் தடவி எடுக்கிறது. மாப்பிள்ளை மட்டும் பெண்ணைப் பார்க்கிறான், அல்லது அவனும் பார்க்கவில்லை. உங்கள் கதைக்கு எது பொருந்துமோ அது. நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லவே தேவையில்லை. பெயர் தெரிந்தவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார், அது அவருக்குக் கிடைக்கும் கூடுதல் இனிப்பு.

தொலைக்காட்சிப் பெட்டியைப் பின்பக்கத்திலிருந்து படமெடுங்கள், வெளிச்சம் முகங்களில் விழட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய பாடல் காட்சியைத் திரையில் காட்டினாலோ அதன் ஒலியைப் பயன்படுத்தினாலோ உரிமம் வாங்க வேண்டும். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் நம் சட்டப்படி 60 ஆண்டுகள் பதிப்புரிமை. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும். 1991-இல் வெளிவந்த பாட்டு எதையும் சும்மா எடுத்துப் போட முடியாது. அந்தக் காலத்துச் சாயலில் உங்கள் இசையமைப்பாளரையே அரை நிமிடம் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

எஸ்டிடி பூத் காட்சியைத் தொடாதீர்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உங்கள் நாயகன் பேசுகிறான். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அவன் கண் அதற்கும் கையில் இருக்கும் பத்து ரூபாய்த் தாளுக்கும் போய்வருகிறது. முக்கியமான விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிடுகிறான். கட்டணம் குறைவதற்காக இரவில் வரிசையில் நின்ற அனுபவம் யாருக்கும் தேவையில்லை. ஏறும் எண்ணும் சுருங்கும் பேச்சும் எந்தக் காலத்துக்கும் விளங்கும். ஒரே ஒரு திருத்தம்: பூத் உரிமையாளர் “அப்போதெல்லாம் நிமிடத்துக்கு இவ்வளவு” என்கிற பாணியில் பேசுகிறாரே, அதை வெட்டுங்கள். 1991-இல் இருப்பவருக்கு அது ‘அப்போது’ அல்ல, இப்போது. இரண்டு பாத்திரங்கள் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், அது நமக்காகச் சொல்லப்படுகிறது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். விளக்க அட்டையை நான் மறுப்பதும் இதனால்தான். பாட்டி அழுவாள் என்பதை முதல் நொடியிலேயே எழுதிக்காட்டிவிட்டால் பிறகு திருப்பம் ஏது?

உங்கள் கலை இயக்கக் குறிப்பில் மர்ஃபி ரேடியோ, அரிக்கேன் விளக்கு, கேசட் அடுக்கு, அம்மி, பழைய நாட்காட்டி என்று ஒரு பக்கம் நீள்கிறது. பாதியைக் குறையுங்கள். யாரும் தொடாத பொருள் சட்டகத்தில் இருந்தால் அருங்காட்சியக வாடை அடிக்கும். ஆனால் இருக்கிற பொருள் சரியாக இருக்கட்டும். கடைப் பலகையில் ரூபாய்க் குறியீடு வந்துவிடப்போகிறது, அது 2010-இல்தான் வந்தது. தந்தித் தாளில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றே இருக்க வேண்டும். அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1996-இல். தெரியாதவர் இதையெல்லாம் கவனிக்க மாட்டார். தெரிந்தவர் வேறு எதையும் கவனிக்க மாட்டார்.

முதல் தொகுப்பு முடிந்ததும் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். மூன்று பேராவது இருபத்தைந்துக்குக் கீழே இருக்கட்டும். உங்கள் திரைக்கதையைப் படித்தவர் யாரும் வேண்டாம். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், மரியாதை. “கதையைச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பாட்டி ஏன் அழுதாள் என்பதை அவர்களாகவே சொன்னால் எட்டு நொடி வேலை செய்திருக்கிறது. “அந்தப் பாட்டிக்கு ஏதோ உடம்பு சரியில்லை” என்று ஒருவர் சொன்னாலும் தொகுப்பு மேசைக்குத் திரும்புங்கள், அந்த ஓலத்தை இன்னும் ஒரு நொடி நீட்டுங்கள்.

வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே எஸ்டிடி என்ற மூன்று எழுத்து பால்வினை நோயைக் குறிக்கும். மஞ்சள் பலகையில் அதைப் பெரிதாகப் பார்த்ததும் அரங்கம் சிரிக்கும், உங்கள் நாயகன் உள்ளே அழுதுகொண்டிருப்பான். பலகையைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, துணைத்தலைப்பில் ‘வெளியூர் அழைப்பு’ என்ற பொருள் வரும்படி எழுதச் சொல்லுங்கள்.