ஸ்வீடனின் ஒரு கோடிப் பேர்

அன்புள்ள சார்,

என் மகன் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் மூன்று மாதம் அவனோடு இருந்துவிட்டு வந்தேன். ஊரைத் தாண்டினால் காடும் ஏரியும்தான். மத்தியான நேரத்தில் பஸ்ஸில் ஏறினால் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மொத்த நாட்டுக்கும் ஒரு கோடிச் சொச்சம் பேர்தான் என்றான் மகன். ஜனத்தொகையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டதுதான் அவர்களுடைய வளத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கீழ்வீட்டு அம்மாள் வேறு மாதிரி சொல்கிறார். எண்பதை நெருங்குபவர். குடும்பப் பெயர் '-னென்' என்று முடியும், முழுதாகச் சொல்ல என் வாயில் நுழையவில்லை. மகனைப் பார்க்கும்போதெல்லாம், "வெளியிலிருந்து வந்து குவிகிறார்கள், எங்கள் பிள்ளைகளோ பெற்றுக்கொள்வதில்லை, இன்னும் ஐம்பது வருடத்தில் நாங்கள் இருக்க மாட்டோம்" என்பாராம். அவனும் வெளியிலிருந்து வந்தவன்தான், அது அவருக்கு மறந்துவிடும் போலிருக்கிறது. ஸ்வீடன் எப்போதும் இப்படித்தான் இருந்ததா? அந்த அம்மாள் சொல்வது நடக்குமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே. அவர்களுக்கு,

நான் ஸ்வீடன் போனதில்லை. குளிர் என்றால் எனக்கு ஊட்டியே அதிகம். ஆனால் அந்த நாட்டின் ஜனக்கணக்கு ஒரு காலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. கணக்கில் இவ்வளவு கதை இருக்குமா என்று வியந்து படித்திருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அவர்கள் ஜனத்தொகையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1749இல் இன்றைய ஸ்வீடனின் எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 17 லட்சத்து 60 ஆயிரம் பேர். இன்று சுமார் 1 கோடியே 6 லட்சம். ஆறு மடங்கு. ஆட்கள் மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில்தான் அவர்கள் பரம ஏழைகளாகவும் இருந்தார்கள்.

1749 என்று இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? பாதிரியார்களின் புண்ணியம். 1686ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும், பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொன்னது. அதோடு பாதிரியார் வீட்டுக்கு வீடு சோதனை நடத்த வேண்டும். எல்லாருக்கும் வாசிக்கத் தெரிகிறதா, லுத்தரின் ஞானோபதேசம் மனப்பாடமா, அதன் அர்த்தம் புரிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். குடும்பத்துக்கு ஓர் இடம் ஒதுக்கி, பெயர், பிறந்த நாள், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டன. பின்னாளில் அம்மை குத்தியாயிற்றா என்பதும் சேர்ந்தது. மோட்சத்துக்கு ஆள் சேர்க்க எழுதிய நோட்டு, அரசாங்கத்துக்கு ஆள் எண்ண வாகாக அமைந்துவிட்டது. 1749இலிருந்து பாதிரியார்கள் அச்சடித்த படிவங்களில் தொகையைப் போட்டு மேலே அனுப்பினார்கள். அறுபடாமல் இன்றுவரை தொடரும் தேசிய ஜனக்கணக்குகளில் அதுவே மிகப் பழையது.

கணக்கு வந்ததும் தலைநகரில் அதிர்ச்சி. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே நடுங்கவைத்த வல்லரசு அது. அப்போது தங்கள் ஆட்சிக்குள் இருந்த ஃபின்லாந்தைச் சேர்த்தும் ஆள்பலம் இவ்வளவுதானா? எதிரி நாடுகளுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? எண்களைச் சில வருடம் ராஜ ரகசியமாகப் பூட்டிவைத்தார்கள். அறிவியல் கழகத்தின் செயலாளராக இருந்த வானியலாளர் பேர் வார்கெந்தீன், 1766இல் எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற அட்டவணைகளைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். வியாழனின் நிலாக்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர், பிறகு தன் நாட்டின் சாவுகளைக் கணக்கிட்டார். பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்காத காலம் அது.

ஆக, முதல் கவலை 'போதவில்லையே' என்பது. ஏன் இத்தனை பேர் நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்று 1763இல் அதே கழகம் ஒரு பரிசுப் போட்டி வைத்தது. ஃபின்லாந்துக் கரையிலிருந்த ஆண்டர்ஸ் ஷுதேனியுஸ் என்ற இளம் பாதிரியார் அனுப்பிய பதிலின் சாரம் எனக்குப் பிடிக்கும். ஆட்களைக் கட்டிவைத்துப் பயனில்லை, அவர்கள் கையைக் கட்டியிருக்கும் சட்டங்களை அவிழ்த்துவிடுங்கள் என்றார் அவர். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அப்புறம் பஞ்சம். 1771, 1772 இரண்டு வருடமும் விளைச்சல் பொய்த்தது. 1773இல் பசியோடு சீதபேதியும் சேர்ந்துகொள்ள, ஒரே வருடத்தில் ஆயிரத்துக்கு 50 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு கிராமத்தில் இருபதில் ஒருவர் என்று வைத்துப் பாருங்கள்.

நிலைமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பியது. வேக்ஷோ நகர ஆயராக இருந்த கவிஞர் எசாயஸ் தெங்நேர் 1833இல் அதற்கு மூன்றே காரணம் சொன்னார்: சமாதானம், அம்மைப்பால், உருளைக்கிழங்கு. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஒப்பிக்கும் வாசகம். 1814க்குப் பிறகு ஸ்வீடன் போருக்குப் போகவில்லை. அம்மை குத்துவது 1816இல் கட்டாயமானது. பல ஊர்களில் ஊசியைப் பிடித்தவர் மருத்துவர் அல்ல, மணி அடிக்கும் கோயில்பிள்ளை. உருளைக்கிழங்கின் கதை கொஞ்சம் வேடிக்கை. ஏவா ஏக்கெப்ளாத் என்ற பிரபுகுலப் பெண் 1748இல் அதிலிருந்து மாவும் சாராயமும் எடுத்துக் காட்டி, அறிவியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். ஆனாலும் கிழங்கு எல்லார் வயலுக்கும் வந்துசேர இன்னும் ஐம்பது அறுபது வருடம் ஆயிற்று. அப்போதும் அதைப் பரப்பியதில் பசிக்கு எவ்வளவு பங்கோ சாராயத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

குழந்தைகள் பிழைத்தார்கள். ஜனத்தொகை 1835இல் 30 லட்சம், 1863இல் 40 லட்சம். நிலம் மட்டும் பெருகவில்லை. பிள்ளைகள் சாகாவிட்டால் பாகப்பிரிவினை பெரிதாகும், இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாகம் கிடைக்காதவர்கள் பண்ணை ஓரத்தில் குடிசை போட்டு, வாடகைக்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்தார்கள். இன்னும் கீழே, கூலியைத் தானியமாகவும் பாலாகவும் வாங்கிய பண்ணைக் கூலிகள் இருந்தார்கள். அந்த முறை ஒழிந்தது 1945இல்தான். நீங்கள் பார்த்த பளபளப்புக்கு வயது அவ்வளவுதான்.

1867இல் வசந்தமே வராமல் உறைபனி நீண்டது, மறுவருடம் வறட்சி. மக்கள் மூட்டையைக் கட்டினார்கள். உங்கள் மகன் இருக்கும் கோத்தன்பர்க்தான் அவர்களுடைய வாசல். அங்கே கப்பலேறி இங்கிலாந்தின் ஹல் துறைமுகம், ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து நியூயார்க். கல் பொறுக்கிப் பொறுக்கியே வயல் உண்டாக்க வேண்டிய ஸ்மோலாந்து மாகாணத்திலிருந்து சாரைசாரையாகப் போனார்கள். 1850இலிருந்து 1930 வரை அமெரிக்கா போனவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். 1900 வாக்கில் ஸ்டாக்ஹோமுக்கு அடுத்து ஸ்வீடன்காரர்கள் அதிகம் வாழ்ந்த நகரம் சிகாகோ. போனவர்களில் ஐந்தில் ஒருவர் போலத் திரும்பி வந்தார்கள். மற்றவர்களிடமிருந்து வந்தவை கடிதங்கள். அவற்றோடு சில சமயம் முன்பணம் கட்டிய கப்பல் டிக்கெட்டும் இருக்கும், அடுத்த தம்பிக்கு.

இதில் என்னை யோசிக்கவைப்பது ஒன்று. இத்தனை பேர் வெளியேறியும் ஜனத்தொகை குறையவில்லை. 1897இல் 50 லட்சத்தைத் தாண்டியது. அப்படியும் ஆள்பவர்களுக்குப் பயம். 1907இல் குஸ்தாவ் சுண்ட்பாரி என்ற புள்ளியியலாளர் தலைமையில் ஒரு விசாரணை தொடங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள். போனவர்களையே எழுதச் சொல்லிக் கேட்டு, அவர்களுடைய வார்த்தைகளையும் அச்சிட்டார்கள். நிலமில்லை, ஓட்டில்லை, முதலாளி முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஓர் அரசாங்கம் தன் மீதான புகாரைத் தானே தொகுத்து வெளியிட்டது அபூர்வம்.

ஆட்கள் போவது நின்றதும், பிறப்பது குறைந்துபோனது. 1930களில் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாகக் குழந்தை பெற்றவர்களில் ஸ்வீடன்காரர்களும் உண்டு. 1934இல் ஆல்வா மிர்தால், குன்னார் மிர்தால் தம்பதி இதைப் பற்றி எழுதிய புத்தகம் நாட்டையே உலுக்கியது. பிறப்பு குறைகிறது என்றால் வழக்கமாகப் பெண்களைத்தான் திட்டுவார்கள். அவர்கள் வீட்டுவாடகையையும் வேலையின்மையையும் திட்டினார்கள். பிள்ளை பெறுவது குடும்பத்தின் செலவாக மட்டும் இருக்கும்வரை யாரும் பெறமாட்டார்கள், அந்தச் செலவைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்களுக்கு அரசு அடுக்குமாடி வீடுகள், கல்யாணமானாலோ கர்ப்பமானாலோ வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்ற 1939ஆம் ஆண்டுச் சட்டம், 1948இல் எல்லாக் குழந்தைக்கும் உதவித்தொகை எல்லாம் வரிசையாக வந்தன. மக்கள் கிண்டலுக்குக் குறைவில்லை. பிள்ளை பெற்றுக்கொள்வதற்கு 'மிர்தால் பண்ணுவது' என்றே ஒரு வினைச்சொல் உண்டாக்கினார்கள்.

அதே 1934இல் இன்னொரு சட்டமும் வந்தது, அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பொய்யாகிவிடும். 'தகுதியில்லாதவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற கருத்தடைச் சட்டம். 1975 வரை சுமார் 63,000 பேருக்கு அறுவை நடந்தது, பெரும்பாலும் பெண்கள். பலரிடம் சம்மதம் மிரட்டியே வாங்கப்பட்டது. 1999இல்தான் இழப்பீடு கொடுத்தார்கள். மக்களை எண்ணுகிற கை சில நேரம் மக்களைப் பொறுக்கவும் தொடங்கிவிடுகிறது. அந்த நாட்டை அண்ணாந்து பார்க்கும் நம் ஆட்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சரி, உங்கள் கீழ்வீட்டு அம்மாளுக்கு வருவோம். பிள்ளை பெறுவது குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1990இல் 2.1 குழந்தை, 1999இல் 1.5, 2010இல் ஏறக்குறைய 2, 2024இல் 1.43. 1749இலிருந்து வைத்துள்ள கணக்கிலேயே அதுவரை ஆகக் குறைவு இதுதான். ஆனால் வரிசையைப் பாருங்கள், ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வருகிறது. 1974இலேயே அப்பாவும் எடுத்துக்கொள்ளக்கூடிய குழந்தை விடுப்பைக் கொடுத்த முதல் நாடு அது. இன்று இருவருக்குமாக 480 நாள். இவ்வளவு கொடுத்தும் ஏன் விழுகிறது என்பதற்கு அங்கே ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் முழுத் திருப்தி தரவில்லை. ஊஞ்சல் இந்த முறையும் திரும்பும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். 'ஐம்பது வருடத்தில் நாங்கள் இருக்க மாட்டோம்' என்பதை மட்டும் நான் நம்பவில்லை. 1930களில் இதையே அவருடைய தாத்தா வயதுக்காரர்கள் சொன்னார்கள், அதற்குப் பிறகு அந்த நாடு 40 லட்சத்துக்கும் மேல் கூடியிருக்கிறது.

அந்தக் கூடுதலில் பெரும்பங்கு, ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த நாடு ஆட்களை வாங்கும் நாடாகத் திரும்பியதால் வந்தது. 1930களிலிருந்தே போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகம். போருக்குப் பிறகு தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. யூகோஸ்லாவியா, கிரீஸ், துருக்கியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1973க்குப் பிறகு சிலியிலிருந்து, பின்பு ஈரான், போஸ்னியா, ஈராக்கிலிருந்து அகதிகள். 2015 ஒரே வருடத்தில் 1 லட்சத்து 63 ஆயிரம் பேர் தஞ்சம் கேட்டார்கள், அந்த நவம்பரிலேயே அரசாங்கம் கதவைப் பாதி சாத்தியது. 2017 ஜனவரியில் ஜனத்தொகை ஒரு கோடியைத் தொட்டது. இன்று ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். நீங்கள் பார்த்த காலி பஸ் கோத்தன்பர்க்கின் மத்தியானத்தில் மட்டும்தான் ஓடியிருக்கும். உண்மையான காலி வடக்கே இருக்கிறது. அர்யெப்லூக் என்ற வட்டாரத்தில் பன்னிரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் மூவாயிரம் பேர்கூட இல்லை.

வந்தவர்களிலேயே மிகப் பெரிய கூட்டத்தை இன்னும் சொல்லவில்லை. அவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். 1954இலிருந்து ஸ்வீடன், ஃபின்லாந்து உள்ளிட்ட நோர்டிக் எனும் வட ஐரோப்பிய நாடுகளுக்குள் வேலைக்குப் போக அனுமதிச் சீட்டே தேவையில்லை. 1969, 1970 இரண்டே வருடத்தில் சுமார் 80,000 பேர் வந்தார்கள். அந்த வருடங்களில் ஃபின்லாந்தின் ஜனத்தொகையே இறங்கியது. கோத்தன்பர்க் கார் தொழிற்சாலைகளிலும் பக்கத்து பூரோஸ் நகரத்து நெசவாலைகளிலும் அவர்கள் மொழி ஒலித்தது. சண்டைக்காரர்கள், குடிகாரர்கள், நம் மொழி பேசத் தெரியாதவர்கள் என்ற பேச்சையெல்லாம் அவர்களும் கேட்டார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களில் 2017 வரைக்கும் முதலிடம் அவர்களுக்குத்தான், அந்த வருடம்தான் சிரியாவில் பிறந்தவர்கள் முந்தினார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், வாயில் நுழையாத அந்தப் பெயர். '-னென்' என்று முடிவது ஃபின்லாந்துக் குடும்பப் பெயர். கணவர் வழியில் வந்த பெயராகவும் இருக்கலாம். ஆனால் எண்பதை நெருங்குகிறவர் என்றால் 1970இல் அவருக்கு இருபத்தைந்துக்குள் இருந்திருக்கும், கப்பலேறும் வயது. எந்த வருடம், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று அடுத்த முறை காபிக்குக் கூப்பிடும்போது உங்கள் மகனை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.